கையில் மொழி, கண்ணில் எழுத்து: மலையகத்தின் செவிப்புலனற்ற பிள்ளைகள் வாசிக்க என்ன தேவை?

மலையகத்தில் அபாய அறிவிப்பு பெரும்பாலும் ஒலியாகத்தான் வந்துசேர்கிறது. கோயில் ஒலிபெருக்கி, பொலிஸ் ஜீப்பின் அறிவிப்பு, கீழ் லயனில் இருந்து ஓடிவருபவரின் கூச்சல், இரவில் மலைக்குள் இருந்து வரும் உறுமல். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மலைச்சரிவுகளைப் பெயர்த்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இரண்டு தடவையும் நாம் கேட்ட கேள்விகள் இரண்டு. முன்கூட்டியே சொன்னார்களா? தமிழில் சொன்னார்களா? இரண்டும் நியாயமான கேள்விகள். மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. எந்த மொழியில் உரக்கச் சொன்னாலும் காதில் விழாதவருக்கு யார், எப்படிச் சொன்னார்கள்?

அவருக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டும். இல்லையென்றால் செய்தி எழுத்தில் வரவேண்டும். எழுத்தில் அனுப்புவது இன்று பெரிய வேலை இல்லை. கைபேசி லயன் அறைகளுக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால் "உங்கள் பகுதியில் மண்சரிவு அபாயம் உள்ளது, உடனே வெளியேறவும்" என்ற ஒற்றை வரியை வாசித்துப் பொருள்கொள்ளக்கூடியவர்கள், பிறவியிலேயே செவிப்புலனற்ற தோட்டத்துப் பெரியவர்களில் எத்தனை பேர்? கடந்த சில மாதங்களாக ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் வேறு வேலையாகப் போகும்போதெல்லாம் இதை விசாரித்து வந்தேன். ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் தோட்ட உத்தியோகத்தர்களிடமும் கிடைத்தது ஏறக்குறைய ஒரே பதில்தான். "காதே கேக்காதே, பிறகு எப்படிங்க வாசிப்பு வரும்?"

இந்தப் பதில் பிழையானது. காது கேட்காத காரணத்தால் ஒரு பிள்ளைக்கு வாசிப்பு வராமல் போவதில்லை. பிறந்து முதல் நாலைந்து ஆண்டுகளில் அந்தப் பிள்ளைக்கு எந்த மொழியுமே கிடைக்காமல் போவதால்தான் வாசிப்பும் வராமல் போகிறது. முதலாவதை விதி என்று சொல்லி விட்டுவிடலாம். இரண்டாவதற்குப் பொறுப்பாளிகள் இருக்கிறார்கள்.

கண் எவ்வளவு தூரம் பிடிக்கிறது?

இந்த வரியை வாசிக்கும்போது உங்கள் கண் வழுக்கிக்கொண்டு ஓடுவதுபோலத் தோன்றும். உண்மையில் அது ஓடுவதில்லை. ஓர் இடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நிற்கும், பிறகு ஒரு தாவு தாவி அடுத்த இடத்தில் நிற்கும். நிற்கும் அந்தக் கால் விநாடியில்தான் எழுத்துகள் உள்ளே போகின்றன. பொருள் பிடிபடவில்லை என்றால் கண் பின்னுக்குப் போய்த் திரும்பப் பார்க்கும். சில சிறிய சொற்களில் நிற்காமலே தாண்டியும் போகும்.

ஒரு நிறுத்தத்தில் கண் எத்தனை எழுத்துகளைப் பயன்படுத்துகிறது என்று அளக்க 1970களில் ஒரு முறை கண்டுபிடிக்கப்பட்டது. வாசிப்பவர் பார்க்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகளை மட்டும் கணினித் திரையில் தெரியவிட்டு, மீதியை எல்லாம் அர்த்தமற்ற எழுத்தால் மறைத்துவிடுவார்கள். கண் நகர நகர அந்தச் சாளரமும் கூடவே நகரும். சாளரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொண்டு போனால், ஓர் அளவுக்குப் பிறகு அதை இன்னும் பெருப்பித்தாலும் வாசிப்பு வேகம் கூடாது. அந்த அளவுதான் அவருடைய பார்வை வீச்சு. ஆங்கிலத்தை நன்றாக வாசிக்கும், காது கேட்கும் ஒருவருக்கு இது வலப்பக்கமாக 14, 15 எழுத்துகள்.

நதாலி பெலாஞ்சே, கீத் ரெய்னர் ஆகியோரும் அவர்களோடு பணியாற்றியவர்களும் 2012இல் இதே பரிசோதனையைச் செவிப்புலனற்றவர்களிடம் செய்து முடிவுகளை வெளியிட்டார்கள். சைகை மொழி பேசும், நன்றாக வாசிக்கத் தெரிந்த செவிப்புலனற்றவர்களின் வீச்சு வலப்பக்கமாக 18 எழுத்துகள் வரை போனது. அதே அளவு வாசிப்புத் திறன் உள்ள காது கேட்பவர்களுக்கு அது 14தான். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வாசிப்பில் பின்தங்கியிருந்த செவிப்புலனற்றவர்களுக்கும் வீச்சு 14 எழுத்துகள் இருந்தது. அதாவது நன்றாக வாசிக்கும் காது கேட்பவரின் கண்ணுக்கு எந்த வகையிலும் குறையாத கண் அவர்களிடம் இருந்தது. பின்னர் 7 முதல் 15 வயது வரையான பிள்ளைகளிடம் செய்த ஆய்விலும், நன்றாக வாசிக்கும் செவிப்புலனற்ற பிள்ளைகளின் வீச்சு விரிந்தே இருந்தது.

வீச்சு மட்டுமல்ல. திறமையான செவிப்புலனற்ற வாசகர்கள் பின்னுக்குத் திரும்பிப் பார்ப்பது குறைவு. ஒரே சொல்லில் இரண்டு முறை நிற்பது குறைவு. தாண்டிப் போகும் சொற்கள் அதிகம். இப்படியிருந்தும் பொருளை விட்டுவிடுவதில்லை. ஒரு சொல்லின் எழுத்துருவத்தில் இருந்து அதன் பொருளுக்கு நேராகப் போய்ச் சேர்வதால் இந்தச் சிக்கனம் வாய்க்கிறது என்பது அந்த ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். காது கேட்கும் நம்மில் பலர் மனதுக்குள் ஒரு குரலைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறோம். அந்தக் குரல் இல்லாமலும் வாசிக்க முடியும், சில வேளைகளில் இன்னும் குறைந்த சிரமத்தோடு வாசிக்க முடியும் என்று இந்தக் கண்கள் காட்டுகின்றன.

ஆங்கில எழுத்தையும் தமிழ் எழுத்தையும் எண்ணிக்கையால் ஒப்பிட முடியாது. "கொ" என்ற ஒன்றுக்குள் மெய்யும் உயிரும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே 18 என்ற எண்ணைத் தமிழுக்குத் தூக்கி வரவேண்டாம். எழுத்தில் இருந்து பொருளுக்குச் செல்ல ஒலி ஒன்றுதான் பாலம் என்ற எண்ணம் தவறு என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒலியா, மொழியா?

எச்சரிக்கை ஒன்றும் தேவை. செவிப்புலனற்றவர்கள் எல்லோரும் வேகமான வாசகர்கள் என்று யாரும் சொல்லவில்லை. வசதிகள் நிறைந்த அமெரிக்காவிலேயே செவிப்புலனற்ற மாணவர்களில் பாதிப்பேர் நான்காம் வகுப்புப் பிள்ளையின் வாசிப்பு மட்டத்தைத் தாண்டாமல் பாடசாலையை விட்டு வெளியேறியதாக 2000ஆம் ஆண்டளவில் வெளியான கணிப்புகள் காட்டின. அப்படியானால் அந்த 18 எழுத்துக்காரர்களையும் இவர்களையும் பிரித்தது எது?

பல காலமாகச் சொல்லப்பட்ட பதில் "ஒலி" என்பதுதான். பேச்சொலியைப் பிடித்தவர் வாசிப்பார், பிடிக்காதவர் வாசிக்கமாட்டார் என்றார்கள். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய செவிப்புலனற்றோர் கல்வி மாநாடு, சைகையை விட்டுப் பேச்சுப் பயிற்சியைப் பற்றிக்கொள்ளும்படி தீர்மானம் போட்டது. உலகெங்கும் வகுப்பறைகளில் பிள்ளைகளின் கைகள் கட்டுப்பட்டது அதற்குப் பிறகுதான். 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே தொடர் மாநாடு அந்தத் தீர்மானங்களுக்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் போய்விட்டன.

ரேச்சல் மேபெரியும் சகாக்களும் 57 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். செவிப்புலனற்றவர்களிடையே வாசிப்புத் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் எவ்வளவை எது விளக்குகிறது என்பதே கேள்வி. பேச்சொலி பற்றிய அறிவு 11 சதவீதத்தை விளக்கியது. மொத்த மொழித்திறன் 35 சதவீதத்தை விளக்கியது. சைகையோ பேச்சோ, மொழி என்ற ஒன்று கையில் இருப்பதுதான் பெரிய வேறுபாடு. கியூபெக்கில் பிரெஞ்சு வாசிக்கும் செவிப்புலனற்ற பெரியவர்களைப் பார்த்தபோதும் இதே போக்குத்தான். நன்றாக வாசித்தவர்கள், தடுமாறியவர்கள் ஆகிய இரு சாராருமே சொல்லை அடையாளம் காண ஒலியைப் பயன்படுத்தவில்லை. ஆகவே ஒலி இல்லாதது தடுமாற்றத்துக்குக் காரணமாக இருக்க முடியாது.

ஜில் மோர்ஃபோர்டும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடச் சுவையானது. அமெரிக்கச் சைகை மொழியில் "திரைப்படம்", "காகிதம்" ஆகிய இரண்டுக்கும் உரிய சைகைகள் தோற்றத்தில் நெருக்கமானவை. எழுத்தில் அந்த ஆங்கிலச் சொற்களுக்கு இடையே எந்த ஒற்றுமையும் இல்லை. செவிப்புலனற்றவர்களுக்கு இப்படியான சொற்களை எழுத்தில் மட்டும் காட்டிப் பொருள் தொடர்பைக் கேட்டபோது, சைகைகளின் ஒற்றுமை அவர்களின் பதில் வேகத்தைப் பாதித்தது. யாரும் கையை அசைக்கவில்லை. ஆனாலும் எழுத்தைப் பார்த்ததும் மனதுக்குள் சைகை எழுந்திருக்கிறது. நமக்கு உள்ளே ஒரு குரல் கேட்பதுபோல அவர்களுக்கு உள்ளே ஒரு கை அசைகிறது. எழுத்து போய் இறங்குவதற்கு உள்ளே ஏதாவது ஒரு மொழி இருக்கவேண்டும்.

"அ – அம்மா" கேட்காத வகுப்பறை

நம் முதலாம் தர வகுப்பறைகளில் வாசிப்பு கூட்டாகச் சத்தமிடுவதில் தொடங்குகிறது. "அ – அம்மா, ஆ – ஆடு." காது கேட்கும் பிள்ளைக்கு இது நல்ல வழி. தமிழ் எழுத்து ஒலியோடு ஒழுங்காகப் பொருந்துவது. எழுத்துகளைப் பிடித்துவிட்டால் எந்தச் சொல்லையும் உச்சரித்துவிடலாம். உச்சரித்ததும், ஏற்கெனவே பேசிப் பழகிய சொல் என்பதால் பொருள் தானாக வந்துவிடும். செவிப்புலனற்ற பிள்ளைக்கு இந்த ஏணியின் ஒரு படியும் இல்லை. அந்தப் பிள்ளை கரும்பலகையில் உள்ளதை அச்சடித்ததுபோல எழுதிவிடும். கொப்பி முழுக்க அழகான எழுத்து இருக்கும். "வடிவா எழுதுறா, ஆனா எதுவும் விளங்காது" என்று ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான்.

இதற்கு மேலே தமிழுக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று விகுதிகளும் வேற்றுமை உருபுகளும். "போனான், போனாள்", "அம்மாவை, அம்மாவுக்கு, அம்மாவால்" ஆகியவற்றில் சொல்லின் தலை ஒன்றுதான். வால்தான் பொருளை மாற்றுகிறது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைச் சைகை மொழிகள் பெரும்பாலும் கையின் திசையாலும் இடத்தாலும் காட்டும். ஆகவே இந்த வால்களைத் தனியாக, கண்ணுக்குத் தெரியும்படி, சைகையோடு பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொடுக்கவேண்டும். ஒலியாகக் கேட்டுத் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது.

மற்றது எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறாக இருப்பது. "மழ வந்துச்சு" என்று லயனில் பேசும் பிள்ளை, "மழை வந்தது" என்று புத்தகத்தில் வாசிக்கிறது. எழுத்துத் தமிழ் யாருடைய வீட்டுமொழியும் அல்ல. காது கேட்பவர்களான நாமும் அதைப் பெரும்பகுதி கண்ணால்தான் கற்றோம். வீட்டு மொழியை அடியில் வைத்து அதன் மேல் எழுத்து மொழியைக் கட்டிக்கொண்டோம். செவிப்புலனற்ற பிள்ளையும் அதைத்தான் செய்யவேண்டும். அடியில் வைக்கும் மொழி கைமொழியாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தோட்டத்தில் அந்த ஐந்து ஆண்டுகள்

செவிப்புலனற்ற பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. இது உலகப் பொது நிலை. சைகை மொழி எதுவும் தெரியாத வீட்டில்தான் பிள்ளை கண் திறக்கிறது. தோட்டத்தில் தாய் காலையில் கொழுந்து மலைக்குப் போகிறார். பிள்ளை பிள்ளைக்காம்பராவில் அல்லது பாட்டியிடம் இருக்கிறது. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பது, இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லையே என்ற கவலையில்தான் பல வீடுகளில் பிடிபடுகிறது. அப்போதும் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்று சொல்லி இன்னும் ஓராண்டு போகும். பிறகு ஆஸ்பத்திரிக்கு அலைச்சல். அலைந்த ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு பேர் போய்விடுகிறது. இதற்கெல்லாம் முன்னதாகவே மொழி வேர்விடும் பருவம் ஓடிவிடுகிறது.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் சந்தித்த இளம்பெண் ஒருபோதும் சைகை மொழி கற்றவர் அல்ல. பாடசாலைக்குச் சில ஆண்டுகள் போயிருக்கிறார். தன் பெயரை எழுதுவார். வீட்டுக்குள் பயன்படும் சில பத்துக் கைக்குறிகள் அவரிடம் உண்டு. கூடையைத் தோளில் மாட்டுவதுபோலக் காட்டினால் வேலை, நெற்றியைத் தொட்டால் அம்மா. "அது என்னா சொல்லுதுன்னு எனக்கு மட்டுந்தாங்க வெளங்கும். நான் இல்லாட்டி அதுக்கு ஒருத்தரும் இல்ல" என்றார் தாயார். அந்தப் பெண் நாள் தவறாமல் கொழுந்து எடுக்கிறார். சம்பளச் சீட்டில் எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு, சந்தா எவ்வளவு என்று எழுதியிருப்பதை அவரால் வாசிக்க முடியாது. வெட்டு விழுந்தால் கேட்கவும் முடியாது.

ஹட்டன் நகரில் இன்னொருவரைச் சந்தித்தேன். தோட்டத்தில் பிறந்து, சிறுவயதிலேயே செவிப்புலனற்றோர் பள்ளி ஒன்றின் விடுதிக்கு அனுப்பப்பட்டவர். இப்போது போட்டோக் கொப்பிக் கடையொன்றில் மற்றவர்களுக்குக் கடிதங்களும் விண்ணப்பங்களும் தட்டச்சு செய்து கொடுக்கிறார். நாங்கள் இருவரும் ஒரே மேசையில் இருந்துகொண்டு வாட்ஸப்பில் பேசினோம். நான் அனுப்பும் நீண்ட செய்தியை முழுதும் வாசித்து அவர் பதிலைத் தட்டத் தொடங்கும்போது, அவர் முன்பு அனுப்பியதை நான் இன்னும் வாசித்துக்கொண்டிருப்பேன். வாசிக்கும்போது என்ன நடக்கிறது என்று கேட்டேன். "சொல்லைப் பார்த்தால் சைகை வரும். தெரியாத சொல் என்றால் வராது. அப்போது நின்றுவிடுவேன்" என்று எழுதினார். இருவரையும் வைத்து நான் எதையும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் மேலே சொன்ன ஆய்வுகளைப் பிறகு தேடிப் படிக்கத் தூண்டியது அந்தப் பதில்தான்.

அவருக்குக் கிடைத்த வாய்ப்பு எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கையில் செவிப்புலனற்றோருக்கான முறையான கல்வி 1912இல் மேரி சப்மன் என்ற மிஷனரி தொடங்கிய, பின்னர் இரத்மலானையில் நிலைகொண்ட பள்ளியில் ஆரம்பிக்கிறது. அதன் தமிழ்ப் பிரிவு 1950களில் பிரிந்து யாழ்ப்பாணத்தின் கைதடிக்கு வந்தது. அதுவே நபீல்ட் பள்ளி. மலையகத்துத் தமிழ்ப் பிள்ளையொன்று தமிழில் சைகையும் எழுத்தும் சேர்த்துக் கற்கவேண்டும் என்றால் மலையிறங்கி நாட்டின் மறுமுனைக்குப் போகவேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அந்த வழியில் என்ன இருந்தது என்று இத்தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது ஒரு பிள்ளையின் ஒரே மொழியும் தடையின் மறுபக்கத்தில் இருந்தது. பக்கத்து மாவட்டத்துச் சிங்களமொழிப் பள்ளிக்குப் போன பிள்ளை வாசிக்கப் பழகினாலும், அதன் பெற்றோரின் கைபேசியில் வரும் தமிழை வாசிக்க முடியாத பிள்ளையாகிறது.

மூன்று மறுப்புகள்

இதைச் சொல்லும்போது மூன்று மறுப்புகள் வருகின்றன. முதலாவது, "செவிப்புலன் கருவி வாங்கிக் கொடுத்தால் போதாதா?" கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கருவி ஒலியைத் தரும், மொழியை உடனே தராது. கடுமையான செவிப்புலன் இழப்புள்ள பிள்ளைக்கு அது முழுப் பேச்சையும் தெளிவாகக் கொண்டுவருவதில்லை. பற்றரி, காது அச்சை வளர வளர மாற்றுவது, ஈரமான மலைக் காலநிலையில் பராமரிப்பது, பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் பஸ் ஏறுவது எல்லாம் நாட்சம்பளக் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. கருவி பலன் தரும்வரை பிள்ளை மொழியில்லாமல் காத்திருக்கவேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது, "சைகை பழகினால் பேச்சும் எழுத்தும் வராது." மேபெரி குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். பிறவியிலேயே செவிப்புலனற்று, சிறுவயதிலேயே சைகை மொழி கிடைத்தவர்கள் பின்னர் ஆங்கிலத்தை, அதை இரண்டாம் மொழியாகக் கற்ற காது கேட்பவர்களுக்கு இணையாகக் கற்றிருந்தார்கள். சிறுவயதில் எந்த மொழியும் கிடைக்காதவர்களே பின்னர் எந்த மொழியிலும் தடுமாறினார்கள். முதல் மொழி அடுத்த மொழிக்குப் போட்டியாக வருவதில்லை, அதற்கு அத்திவாரமாகிறது.

மூன்றாவது, "ஒரு தோட்டத்துக்கு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை. யாரைக் கொண்டு, எங்கே வைத்துக் கற்பிப்பது?" இது உண்மையான சிரமம். ஆனால் நிகரகுவாவில் நடந்ததைப் பாருங்கள். 1970களின் இறுதிவரை அந்த நாட்டின் செவிப்புலனற்ற பிள்ளைகள் தனித்தனி வீடுகளில், மஸ்கெலியாப் பெண்ணைப்போலச் சில வீட்டுக்குறிகளோடு வாழ்ந்தார்கள். தலைநகர் மனாகுவாவில் அவர்களுக்கென்று பள்ளி திறந்து ஒன்றுசேர்த்தபோது, ஆசிரியர்கள் கற்பிக்க முயன்றது உதட்டசைவை. பிள்ளைகளோ தங்களுக்குள் புதிய சைகை மொழியொன்றை உருவாக்கிவிட்டார்கள். அடுத்து வந்த சிறு பிள்ளைகள் அதை இலக்கணம் நிறைந்த மொழியாக வளர்த்தார்கள். செவிப்புலனற்ற பிள்ளைகளை ஒருவரோடொருவர் சேர்த்துவைப்பதே பாதி வேலை. மீதிக்கு, ஏற்கெனவே மொழி தெரிந்த செவிப்புலனற்ற பெரியவர்கள் வேண்டும். அவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியராக யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

போரில் செவி இழந்தவர்கள்

இந்த விடயம் மலையகத்தோடு முடிவதில்லை. 1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் 2009வரை போருக்குள் வாழ்ந்தன. எறிகணை வெடிப்பின் அழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கும். உட்செவியை நிரந்தரமாகக் கெடுக்கும். வன்னியில் இருந்து வந்தவர்களின் காயங்களைப் பட்டியலிடும்போது வெளியே தெரியாத இந்தக் காயம் எளிதில் விடுபட்டுப்போகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பார்க்கவேண்டும். முப்பது வயதில் செவியை இழந்தவரிடம் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. அலுவலகத்தில் அவரிடம் கத்துவதை விட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுத்தால் போதும். 2009இல் கைக்குழந்தையாக இருந்து செவியை இழந்த பிள்ளையின் நிலை அதுவல்ல. அந்தப் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்துப் பயனில்லை. முதலில் மொழி கொடுத்திருக்கவேண்டும். இருவரையும் ஒரே படிவத்தில், ஒரே கட்டத்தில் பதிவு செய்யும் நிர்வாகம் இருவருக்கும் பொருத்தமான உதவியைக் கொடுக்க முடியாது.

ஊடகத்துறையில் இருப்பவள் என்ற வகையில் எங்கள் பக்கத்தையும் சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கல்வி படித்தபோது நாங்கள் பார்வையாளரையும் நேயரையும் அளவிடக் கற்றோம். செவிப்புலனற்ற வாசகர் அந்தக் கணக்கில் வரவே இல்லை. இப்போது தமிழ்ச் செய்தி வேகமாகக் காணொளிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் காணொளிகளில் பெரும்பாலானவற்றில் பேசுவது எழுத்தாக ஓடுவதில்லை. வாசிப்பவருக்கு இருந்த ஒரே கதவையும் நாங்களே சாத்திக்கொண்டு வருகிறோம்.

எங்கே தொடங்குவது?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சைகை மொழியைக் கற்க வழிசெய்யவேண்டும் என்று 24ஆம் உறுப்புரையில் சொல்லும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. ஆகவே கேட்பது சலுகை அல்ல.

மலையகத்தில் இதைத் தொடங்குவதற்குப் பொருத்தமான இடம் பாடசாலைகூட இல்லை, பிள்ளைக்காம்பராதான். வறிய கிராமம் பலவற்றில் இல்லாத ஒரு வசதி தோட்டத்தில் உண்டு: கைக்குழந்தை முதல் ஐந்து வயதுவரையான பிள்ளைகள் பகல் முழுவதும் ஒரே இடத்தில், ஒரு பொறுப்பாளரின் கண்முன் இருக்கிறார்கள். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நம்பிக்கை நிதியம் அந்தச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களோடு தொடர்புபட்டு வேலை செய்கிறது. பின்னால் நின்று கைதட்டினால் திரும்பாத பிள்ளையைக் கவனித்து உடனே பரிசோதனைக்கு அனுப்ப அந்தப் பொறுப்பாளர்களைப் பயிற்றலாம். மொழி தெரிந்த செவிப்புலனற்ற பெரியவர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து, சில தோட்டங்களுக்கு ஒருவராக, வாரத்தில் சில நாட்கள் அங்கே அனுப்பலாம். தாயும் பாட்டியும் அவரிடமே சைகை பழகலாம்.

அடுத்தது ஆசிரியர்கள். மலையகத்துக்குத் தமிழ் ஆசிரியர்களை உருவாக்கும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஒவ்வொருவரும் செவிப்புலனற்ற பிள்ளைக்கு வாசிப்பு எப்படி வருகிறது என்பதையாவது தெரிந்துகொண்டு வெளியேறவேண்டும். ஹட்டன், நுவரெலியா வலயங்களின் விசேட கல்வி அலகுகளில் தமிழும் சைகையும் தெரிந்த ஆசிரியர் இருக்கவேண்டும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களின் பிள்ளைகளை ஒரே அலகில் சேர்க்கப் பயணச் செலவு கொடுக்கவேண்டும். பேரிடர் எச்சரிக்கைகள் குறுகிய தமிழ் வாக்கியங்களில், எளிய படக்குறியோடு கைபேசிக்கு வரவேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து லயனில் காது கேட்காத சிறு பிள்ளை இருந்தால், அரசாங்கத்துக்காகக் காத்திருக்கவேண்டாம். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும்போது பேசுங்கள், கையாலும் பேசுங்கள். வேண்டியதை வாங்க மட்டுமன்றி, நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது, ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்பதைக் கதையாகக் கையால் சொல்லுங்கள். கதவிலும் கூடையிலும் குடத்திலும் அதனதன் பெயரை எழுதி ஒட்டி, பொருளையும் சைகையையும் எழுத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுங்கள். சைகை தெரிந்த செவிப்புலனற்ற பெரியவர் யாராவது ஊரில் இருந்தால் அவரைத் தேநீருக்குக் கூப்பிட்டுப் பிள்ளையோடு உட்காரவையுங்கள். முதலாம் தரத்துக்குப் போகும்வரை காத்திருந்தால் பிந்திவிடும்.